பொரித்தது எதையும் தொடாமல் 76 கிராம் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

நீங்கள் எழுதியதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். சேலம் கொண்டலாம்பட்டியில் வீடு, 36 வயது, நாளுக்கு 1500 கலோரி என்று செயலியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். கொழுப்புக்கு 50 கிராம் என்று அதுவே எல்லை போட்டிருக்கிறது. வாரம் ஒருமுறை தட்டுவடை செட் தவிரப் பொரித்தது எதுவும் கிடையாது. ஆனாலும் கொழுப்பு ஒரு நாள் 45, மறுநாள் 70 என்று குதிக்கிறது. எடை நகர மறுக்கிறது. எண்ணெயை அடியோடு நிறுத்திப் பார்த்தபோது பசி தாங்கவில்லை, முடி கொட்டியது. வீட்டில் உங்களையும் கணவரையும் 9 வயது மகனையும் அத்தையையும் சேர்த்து நான்கு பேர். சமையல் அத்தை கையில். மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது. கலோரியை மட்டும் பார்த்தால் போதாதா, செக்கு எண்ணெய்க்கு மாறியது பலன் தருமா, ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) சாப்பிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நேரடியான பதில்: எடை குறைவதைத் தீர்மானிப்பது மொத்தக் கலோரிதான். ஆனால் நம் வீட்டுச் சமையலில் கலோரிக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் கொழுப்பில்தான். சோற்றையும் இட்லியையும் எண்ணிவிடலாம். தாளிப்பை யாரும் எண்ணுவதில்லை. ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9. அதாவது ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120. குழம்புக்கரண்டியைச் சாய்த்து ஊற்றுகிற வீட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எனவே கொழுப்பைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். காலம் முழுக்க அல்ல, வீட்டின் அளவு பிடிபடும்வரை.

செயலி சொல்லும் 50 கிராம் எங்கிருந்து வந்தது? உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு மொத்த ஆற்றலில் 30 சதவீதம் அல்லது அதற்குக் குறைவாகக் கொழுப்பிலிருந்து வரலாம் என்கிறது. 1500-இல் 30 சதவீதம் 450 கலோரி. அதை 9-ஆல் வகுத்தால் 50 கிராம். ஆக அது மேல் எல்லை. அதைத் தொட்டே தீர வேண்டும் என்பதில்லை. கீழ் எல்லையும் ஒன்று இருக்கிறது, செயலிகள் அதைச் சொல்வதில்லை. மகப்பேறு வயதுப் பெண்களுக்குக் குறைந்தது 20 சதவீதமாவது கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்று 2010-இல் வெளியான உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர் அறிக்கை வகுத்தது. உங்கள் கணக்கில் அது 33 கிராம். எனவே 33-க்கும் 50-க்கும் இடையே எங்கே நின்றாலும் சரி. 42, 45 என்று நின்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கும்.

இனி உங்கள் ஒரு நாளைப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் வறுவல் இல்லை, வடை இல்லை, பூரி இல்லை. சேலத்தில் எந்த வீட்டிலும் "இன்றைக்குச் சாதாரணச் சாப்பாடுதான்" என்று சொல்லக்கூடிய நாள் அது.

காபி, டீ, இரவு ஒரு டம்ளர் பால் எல்லாம் சேர்த்து 300 மில்லி. நீங்கள் வாங்குவது ஆவின் பச்சைப் பாக்கெட். அதில் கொழுப்பு 4.5 சதவீதம். 13.5 கிராம் அங்கேயே வந்துவிடுகிறது. காலை இட்லிக்குப் பொடி, அதைக் குழைக்க நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன்: 9 கிராம். தேங்காய்ச் சட்னியில் உங்கள் பங்குக்கு 30 கிராம் தேங்காய் என்று வைத்தால் 10 கிராம், ஏனென்றால் முற்றிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. சட்னித் தாளிப்புக்கு 2. மதியம் குழம்பிலும் பொரியலிலும் உங்கள் பங்கு எண்ணெய் இரண்டு டீஸ்பூன், 9. பொரியலில் தூவிய தேங்காய் 15 கிராம், அதில் கொழுப்பு 5. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம். கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய் என்பதால் 14. இரவு இரண்டு தோசை, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு டீஸ்பூன், 9. அரிசியிலும் பருப்பிலும் உளுந்திலும் இயல்பாகவே இருப்பது ஒரு 5.

கூட்டினால் 76 கிராமைத் தாண்டுகிறது. 690 கலோரி. 1500-இல் கிட்டத்தட்டப் பாதி!

செயலி ஏன் 45 என்று காட்டியது என்று இப்போது தெரிந்திருக்கும். "சட்னி ஒரு கரண்டி", "தோசை இரண்டு" என்று பதிந்த நாளில் அது யாரோ ஒருவர் வீட்டுச் சட்னியின் கணக்கைப் போட்டது. எண்ணெயைத் தனியாகப் பதிந்த நாளில் 70 வந்தது. இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் எடை நின்றுபோனதில் மர்மம் எதுவும் இல்லை.

இதே நாளை, எந்த உணவையும் நீக்காமல் மாற்றலாம். பாலை நீலப் பாக்கெட்டுக்கு மாற்றினால் கொழுப்பு 3 சதவீதம், 300 மில்லிக்கு 9 கிராம், 4.5 மிச்சம். பொடிக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் போதும். பொடியோடு கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்து மேலே எண்ணெய் விட்டால் மணம் குறையாது. இன்னொரு 4.5. மதியத் தாளிப்பில் உங்கள் பங்கு ஒரு டீஸ்பூனுக்கு இறங்கட்டும், 4.5. தோசைக்கு அரை டீஸ்பூன், அதிலும் 4.5. பழகிய இரும்புக்கல் இருந்தால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தே தோசை எடுத்துவிடலாம். நிலக்கடலையைப் பாதியாக்கினால் 7. அந்த இடத்தில் ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டலோ கொண்டைக்கடலையோ வந்தால் புரதமும் குறையாது. சட்னியில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டி, பொரியலில் தூவுவதையும் அளவாக்கினால் 7. மொத்தம் 32 கிராம் இறங்கி, 44-45-இல் நிற்கிறது. கொழுப்பிலிருந்து வருவதில் மட்டும் நாளுக்கு 290 கலோரி குறைவு. தட்டில் ஓர் இட்லிகூடக் குறையவில்லை.

சட்னி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தேங்காய் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் நம் ஊரில் நேராகப் போவது நிலக்கடலைச் சட்னிக்கு. 20 கிராம் கடலை சேர்ந்தால் 9, 10 கிராம் கொழுப்பு. கணக்கு அப்படியே நிற்கும். கொழுப்பின் தரம் மாறும், அளவு மாறாது. அளவு இறங்க வேண்டுமானால் தக்காளி வெங்காயச் சட்னி, மல்லி, புதினா, இல்லையென்றால் பச்சைப்பயறு கடைசல் பக்கம் போக வேண்டும்.

இப்போது மாதம் 5 லிட்டர் எண்ணெய்க்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள தகவல் இதுதான் என்பேன். தட்டில் இருப்பதை ஊகிக்கிறோம். டின்னில் இருப்பது எழுதி வைத்த கணக்கு. பாக்கெட்டின் மேல் பாருங்கள், ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும். (கிராமைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு லிட்டர் பாக்கெட் போலவே தோற்றமளிக்கும் 850, 800, 750 கிராம் பாக்கெட்டுகளும் கடையில் பக்கத்திலேயே தொங்குகின்றன.) 5 லிட்டர் 4550 கிராம். நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஒருவருக்கு நாளுக்கு 38 கிராம், 340 கலோரி. தேங்காய், பால், கடலை, முட்டை எதுவும் இதில் சேராது. வெறும் டின் எண்ணெய் மட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி சாப்பிடுகிறவரின் தட்டுக்கே 27 கிராம் எண்ணெய்தான் ஒதுக்குகிறது. உங்களுக்கு 1500 கலோரி என்றால் 20 கிராம், அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே.

நான்கு பேரும் சமமாகச் சாப்பிடுவதில்லை, மகனுக்குப் பூரி போகிறது, கணவருக்கு வடை போகிறது, பொரித்த எண்ணெய் கொஞ்சம் கொட்டவும் படுகிறது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் 38-ஐக் காட்டும் டின், யாரோ ஒருவர் தட்டில் 38-க்கும் மேல் விழுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இலக்கு மாதம் மூன்றரை லிட்டர். அதை எட்ட அத்தையிடம் ஒவ்வொரு குழம்புக்கும் "கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள் அத்தை" என்று அடுப்படியில் நின்று சொல்ல வேண்டாம். சொன்னால் இரண்டு நாளில் சமையலறையே உங்கள் கைக்கு வந்துவிடும். காலையில் 100 மில்லி எண்ணெயை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அடுப்புக்கு அருகே வைத்துவிடுங்கள். அன்றைக்கு நான்கு பேருக்கும் இரவு வரை அவ்வளவுதான். எதற்கு எவ்வளவு என்பது அவருடைய விருப்பம்: கத்தரிக்காய்க்குக் கூட விட்டால் தோசைக்குக் குறையும், அந்தக் கைக்கணக்கு நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மாதத்துக்கு 3 லிட்டர் இப்படிப் போகும். மீதி அரை லிட்டர் அமாவாசை வடைக்கும் மகனின் பூரிக்கும்.

சமையலில் எண்ணெயை விழுங்குகிற இடங்கள் சிலவே. கத்தரிக்காய் முதலிடம், அதன் சதையில் காற்றறைகள் அதிகம், விட்ட எண்ணெயெல்லாம் பஞ்சில் விட்டதுபோல் உள்ளே போய்விடும். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துப் பிறகு வதக்கினால் பாதி எண்ணெய் போதும். அடுத்தது மசாலா வதக்குவது. "எண்ணெய் பிரிந்து வரும்வரை" என்று எல்லோரும் சொல்கிறோம். தக்காளி, வெங்காயத்தின் நீர் வற்றியதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். எண்ணெய் குறைவாக இருந்தால் பிரிந்து மிதக்காது, ஆனால் மசாலா வெந்துவிடும். பச்சை வாசனை போனதா என்று மூக்கைக் கேளுங்கள். அடிபிடித்தால் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயில் கறியின் கொழுப்பும் கலந்திருக்கிறது. ஆறவிட்டு ஒரு கரண்டி எடுத்துவிட்டால் நான்கு பேர் தட்டும் இலேசாகும். சுவை அடிக்குழம்பில் இருக்கிறது.

வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் தட்டுவடை செட் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். அதை நான் எடுக்கச் சொல்லமாட்டேன். மாலையில் அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் வண்டிக்கடையில் நின்று பாருங்கள்: ஒரு சின்னத் தட்டுவடை, அதன்மேல் சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைச் சட்னி, மூடியாக இன்னொரு தட்டுவடை. கொழுப்பு இருப்பது மேலும் கீழும் உள்ள இரண்டு வட்டங்களில் மட்டும். நடுவில் இருப்பதெல்லாம் காய்கறி. அரிசி மாவில் பொரித்த தட்டை, முறுக்கு வகைகளில் எடையில் கால் பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் எண்ணெய் இருக்கும். ஒரு முறை அதே அளவுத் தட்டுவடைப் பாக்கெட் வாங்கிவந்து பத்தை எடைபோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்தும் சேர்ந்து 60 கிராம் என்றால், ஐந்து செட் சாப்பிடும்போது 15 முதல் 20 கிராம் கொழுப்பு. அன்றைக்கு நிலக்கடலையையும் தேங்காயையும் விட்டால் கணக்கு நேராகிவிடும். நொறுக்கல் மட்டும் வேறு கதை. கிண்ணத்தில் எத்தனை தட்டுவடையும் முறுக்கும் நொறுங்கின என்பது போட்டவருக்கே தெரியாது. முட்டை நொறுக்கல் என்றால் முட்டைக்கு ஒரு 5 கிராம் கூடும், அது பெரிதல்ல. செட் என்றால் எண்ணலாம் என்பதற்காகவே நான் செட்டின் பக்கம்.

வீட்டில் பொரிக்கும் நாளுக்கு ஒரு செய்தி. பண்டம் எண்ணெயில் கிடக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே ஆவி சுருங்கி, மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஜல்லிக் கரண்டியில் எடுத்த அந்தச் சில நொடிகள்தான் முக்கியம்: வாணலிக்கு மேலேயே வைத்து உதறி வடித்து, சூடாக இருக்கும்போதே தாளில் பரப்ப வேண்டும். ஆறியபின் ஒற்றிப் பயனில்லை. எவ்வளவு எண்ணெய் போனது என்று அறியவும் வழி உண்டு. வாணலியில் ஊற்றுமுன் எண்ணெயை எடைபோடுங்கள், பொரித்து முடித்து ஆறியபின் மீண்டும் எடைபோடுங்கள். வித்தியாசம் வடைகளுக்குள் இருக்கிறது.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கடைக்காரரிடம் அதை அளக்கும் கருவி இருக்காது, உங்களிடமும் இருக்காது. கறுத்து, நுரைத்து, புகைந்தால் காலம் முடிந்தது.

செக்கு எண்ணெய். மரச்செக்கு, இரும்புச்செக்கு, ரீஃபைண்டு எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியதில் மணமும் வைட்டமின் ஈ போன்ற சில பொருள்களும் கூடுதலாகத் தங்கும். மணம் இருப்பதால் குறைவாக விட்டாலும் ருசி தெரியும், அது உண்மையான லாபம். ஆனால் செக்கு எண்ணெய் என்ற தைரியத்தில் இன்னொரு சுற்று ஊற்றுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாக்கெட்டில் போட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

ரேஷன் பாமாயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிற வகை. அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர். நான்கு பேருக்கு வகுத்தால் நாளுக்கு ஏழரை கிராம், அதில் நிறைவுற்றது நாலு கிராமுக்கும் குறைவு. 25 ரூபாய்க்குக் கிடைப்பதைத் தூக்கி எறியச் சொல்லுமளவுக்கு இதில் எதுவும் இல்லை. மற்ற இரண்டரை லிட்டர் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுமாக இருக்கட்டும்.

நிறைவுற்ற கொழுப்பைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது பாமாயிலை அல்ல, தேங்காயையும் பாலையும். மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் அது இருக்க வேண்டும். உங்களுக்கு 16 முதல் 17 கிராம். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. பழைய பட்டியலில் தேங்காயிலிருந்து 13, பாலிலிருந்து 8 என்று இரண்டும் சேர்ந்தே 21-ஐத் தொட்டுவிட்டன. எண்ணெய்க் கணக்கு அதற்குப் பிறகுதான். மாற்றிய பட்டியலில் எல்லாம் சேர்ந்து 16 அல்லது 17. தேங்காய் நம் பாட்டி காலத்து உணவு, அது எப்படிக் கெடுதலாகும் என்ற வாதம் எனக்குப் புதிதல்ல. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலையும் உயர்த்துகிறது, கெட்டதையும் உயர்த்துகிறது. உங்கள் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவு இயல்பாக இருந்தால் அளவோடு சாப்பிடுங்கள், உயர்ந்திருந்தால் குறையுங்கள். நெய்க்கும் இதே பதில்.

பட்டர் ஃப்ரூட்டுக்கு வருகிறேன். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரங்களோடு இதுவும் நிற்கிறது, மலைப்பாதையில் கூறு கட்டி விற்கிறார்கள், நகரத்து ஜூஸ் கடைகளுக்கும் வருகிறது. நல்ல பழம். அதன் கொழுப்பில் பெரும்பகுதி ஒற்றை நிறைவுறா வகை, நார்ச்சத்தும் தாராளம். ஆனால் செயலியில் "அவகாடோ" என்று தேடினால் வருவது வெளிநாட்டுக் கறுப்புத் தோல் ஹாஸ் ரகத்தின் கணக்கு: 100 கிராமுக்கு 15 கிராம் கொழுப்பு, 160 கலோரி. பச்சைத் தோலும் பெரிய கொட்டையும் நீர்ப்பதமான சதையும் உள்ள ரகங்களில் 10 கிராம், 120 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். சதை வெண்ணெய் போல் வழுவழுவென்று இருந்தால் மேல் கணக்கு, தண்ணீர்விட்டு இலேசாக இருந்தால் கீழ்க் கணக்கு. தோலும் கொட்டையும் போக எடைபோடுங்கள். பெரிய பழத்தில் 200 கிராம் சதைகூட வரும், அப்போது 20 முதல் 30 கிராம் கொழுப்பு. ஒரு வேளைக்கு அரைப் பழம். அது தேங்காய்ச் சட்னிக்கோ நிலக்கடலைக்கோ பதிலாக வர வேண்டும், அவற்றின் தலைக்கு மேல் அல்ல. மிளகும் உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஜூஸ் கடைக்காரர் பாலும் நாலு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து அடித்துத் தரும் டம்ளர் 350 கலோரியைத் தாண்டும். பழத்தின் பங்கு அதில் பாதிகூட இல்லை.

முடி கொட்டியதற்கு எண்ணெயை நிறுத்தியதைக் காரணமாக நினைக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் அங்கே போகக் கூடாது. உடல் திடீரென்று பட்டினியை உணர்ந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம். கூடவே இரும்புச்சத்தும் புரதமும் குறைந்திருந்தால் அதிகமாகும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எண்ணெயை நிறுத்தியபோது அந்த இடத்துக்கு என்ன வந்தது என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் இன்னும் ஒரு கரண்டி சோறும் இரண்டு ரஸ்க்கும். மாவுச்சத்து அப்படிக் கூடும்போது ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறி நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் உடலில் சேரவே அந்த வேளை உணவில் சில கிராம் கொழுப்பு தேவை. நீண்ட நாள் கொழுப்பே இல்லாமல் வேகமாக எடை இறக்குகிறவர்களுக்குப் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் கல் உருவாகும் அபாயமும் உண்டு. 33-க்குக் கீழே இறங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தக் கொழுப்பு நம் சாப்பாட்டில் போதவில்லை என்று கேட்டால் ஒமேகா-3 என்பேன். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். மேட்டூர் அணை மீன் நல்ல புரதம், ஆனால் ஒமேகா-3 விஷயத்தில் ஐஸ்பெட்டியில் வரும் மத்திக்கும் அயிலைக்கும் ஈடாகாது. வாரம் இரண்டு நாள், குழம்பாக. மீன் சாப்பிடாத வீட்டில் வறுத்துப் பொடித்த ஆளிவிதை நாளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் இட்லிப் பொடியோடு கலக்கலாம். வனஸ்பதி சேரும் பேக்கரிப் பண்டங்களில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது. ஆபத்து குறைந்திருக்கிறது, கலோரி குறையவில்லை.

செயலியை எப்படிப் பயன்படுத்துவது? "சாம்பார் ஒரு கிண்ணம்" என்று தேடாதீர்கள். உங்கள் வீட்டுச் சாம்பாரைப் பச்சைப் பொருளாக ஒருமுறை பதியுங்கள்: பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, வெந்தபின் மொத்த எடை இவ்வளவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை 528 பொருள்களை ஆய்ந்து எழுதியது. அதை ஆதாரமாகக் கொண்ட பதிவு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணெயை அளக்கக் கரண்டி தேவையில்லை. சமையலறைத் தராசில் எண்ணெய்ப் பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்குங்கள், ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள்; குறையாகக் காட்டும் எண்தான் வாணலிக்குப் போனது. ஒரு வாரம் செய்தால் போதும், அதற்குப் பிறகு கிண்ணமே பார்த்துக்கொள்ளும்.

ஞாயிறு கறியும் பிரியாணியுமாக 65, 70 ஆகும். ஆகட்டும். திங்கட்கிழமை 20 என்று பழிவாங்க வேண்டாம், வழக்கமான 40-க்குத் திரும்பிவிடுங்கள். வாரத்துக்கு 300, 320 கிராமுக்குள் நின்றால் நாள் கணக்கில் தலையைக் கொடுக்கத் தேவையில்லை. கணையத்திலோ பித்தப்பையிலோ கோளாறு, மிக உயர்ந்த டிரைகிளிசரைடு, சர்க்கரைக்கு மாத்திரை, கர்ப்பம் இவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது; மருத்துவர் வகுக்கும் அளவுதான்.

மகனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 9 வயதில் அவன் வளர்கிறான். பச்சைப் பாக்கெட் பாலில் அவன் பங்கை மட்டும் தனியாக வாங்குங்கள், தோசைக்கு அவனுக்கு ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். நீங்கள் குறைத்த நிலக்கடலைப் பாதியை அவன் கையில் கொடுத்துவிடலாம், ஒரு துண்டு வெல்லத்தோடு.